சட்டைப்பைக்குள் நடந்த ஆலோசனை

இணையவழி மனநல ஆலோசனை கூடவே கூடாது என்று எங்கள் ஊரில் முதன்முதலில் எழுதிக் கொடுத்தவள் நான்தான். அதைப் பல நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

சேலம், நாமக்கல் பக்கத்து ஆலோசகர்கள் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு வட்டம் வைத்திருந்தோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஹோட்டலின் மாடி ஹாலில் கூடுவோம். போண்டா வரும், காபி வரும், அதற்குப் பிறகு மனித மனத்தைப் பற்றிப் பேசுவோம். பெருந்தொற்று வருவதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்த கூட்டத்தில், சென்னையில் யாரோ வீடியோ காலிலேயே ஆலோசனை கொடுக்கத் தொடங்கிவிட்டார்களாம் என்று ஒருவர் சொன்னார். வாயில் போண்டாவோடு இருந்தவர்கள்கூட மெல்லுவதை நிறுத்தினார்கள்.

எங்கள் வட்டத்துக்குத் தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். அவர் எழுந்து நின்று, "திரைக்கு அந்தப் பக்கம் ஒருவர் அழுதால், அந்தக் கண்ணீரை யார் துடைப்பது?" என்று கேட்டார். ஹாலே கலங்கிவிட்டது. நாங்கள் யாரும் இதுவரை யாருடைய கண்ணீரையும் துடைத்ததில்லை, டிஷ்யூ பெட்டியை நான்கு அங்குலம் நகர்த்தி வைப்பதோடு சரி என்பதை அந்த நேரத்தில் எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. உடனே ஒரு தீர்மானம் போடலாம் என்றார்கள். எழுத்து கொஞ்சம் வரும் என்பதால் என்னிடம் தாளைக் கொடுத்தார்கள். நான் எழுதினேன்: "ஒரே அறையில், ஒரே காற்றைச் சுவாசித்து, நேருக்கு நேர் அமர்ந்து நடக்காத எதுவும் ஆலோசனை ஆகாது."

'ஒரே காற்றைச் சுவாசித்து' என்ற இடத்துக்குக் கைதட்டல் கிடைத்தது. சில மாதத்தில் அரசாங்கமே, யாரும் யாரோடும் ஒரே காற்றைச் சுவாசிக்காதீர்கள் என்று வீட்டுக்குள் அனுப்பிவிட்டது.

என்னுடைய அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அஸ்தம்பட்டியில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் வாடகைக்கு எடுத்திருந்தேன். இரண்டு பிரம்பு நாற்காலிகள். நேர் எதிராகப் போட்டால் விசாரணை மாதிரி இருக்கும், பக்கத்தில் போட்டால் பஸ் பயணம் மாதிரி இருக்கும் என்று படித்திருந்ததால், சரியான சாய்வில் போட்டுத் தரையில் சாக்பீஸால் குறி வைத்திருந்தேன். பெருக்க வரும் அம்மா இடம் மாற்றினால் திட்டுவேன். ஒரு செடி, மஞ்சள் வெளிச்சம் தரும் ஒரு விளக்கு. அமைதி தவழும் அறை என்று எல்லாரிடமும் சொல்லுவேன். கீழே கடைவாய்ப்பல்லைக் குடையும் சத்தம் கேட்கும்போது, வந்தவர்கள் தாடையைப் பிடித்துக்கொள்வார்கள். அதை மன இறுக்கம் என்று நான் குறித்து வைத்ததும் உண்டு.

அந்த அறைக்கு வந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர். ஐம்பது வயது இருக்கும். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று இதய மருத்துவரிடம் போயிருக்கிறார். எல்லாச் சோதனையும் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒன்றுமில்லை, மனத்தைப் பாருங்கள் என்று என்னிடம் அனுப்பியிருந்தார்கள். அவரைப் பற்றி எழுதுவதற்கு அவரிடமும் அவருடைய மகளிடமும் அனுமதி கேட்டேன். தொழிலை மாற்றி, லாரி பாடி கட்டுகிறவர் என்று எழுதட்டுமா என்றேன். "வேண்டாமுங்க. பாடி கட்டறவன்னு போட்டா எம் பங்காளின்னு நெனச்சுக்குவாங்க. கோழின்னே இருக்கட்டும்" என்றார். அதனால் கோழி அப்படியே இருக்கிறது. வேறு சிலதை மாற்றியிருக்கிறேன்.

ஆறு முறை நேரில் வந்தார். ஒவ்வொரு முறையும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.

"எப்படி இருக்கீங்க?"

"பரவால்லீங்க டாக்டரு."

நான் டாக்டர் இல்லை என்று முதல் மூன்று முறை திருத்தினேன். நான்காவது முறை விட்டுவிட்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"வீட்ல?"

"நல்லாருக்குதுங்க."

"மனசுக்குள்ள என்ன ஓடுது?"

"ஒண்ணுமில்லீங்க."

அதற்குப் பிறகு இருவரும் பேசாமல் இருப்போம். மௌனத்துக்கு இடம் கொடுப்பது எங்கள் பயிற்சியில் பெரிய வித்தை. நான் தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்த்து, புருவத்தைத் தளர்த்தி, கனிவாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். பயிற்சிக் காலத்தில் கண்ணாடி முன் நின்று பழகிய முகம் அது. அவர் செடியைப் பார்ப்பார். நாற்பது நிமிடம் ஆனதும், "போயிட்டு வாரேனுங்க" என்று எழுந்து போய்விடுவார். என் குறிப்பேட்டில், "ஆழமான எதிர்ப்பு நிலை. ஆனால் இருவருக்கும் இடையே பிணைப்பு உருவாகி வருகிறது" என்று எழுதினேன்.

ஊரடங்கு வந்தது. முதல் மூன்று வாரம் நான் கொள்கையோடு இருந்தேன். கூப்பிட்டவர்களிடம், நிலைமை சரியானதும் நேரில் சந்திப்போம் என்றேன். நான்காவது வாரம் வட்டத்தின் அவசரக் கூட்டம் என்று தகவல் வந்தது. கூட்டம் வீடியோ காலில்தான் என்றார்கள். எங்கள் தலைவருக்குக் கைப்பேசியை எப்படிப் பிடிப்பது என்று பிடிபடவில்லை. மேசைமேல் மல்லாக்க வைத்துவிட்டார். எங்கள் எல்லாருக்கும் அவருடைய வீட்டு மின்விசிறிதான் தெரிந்தது. "ஐயா சொல்வதை நான் வழிமொழிகிறேன்" என்று ஆளாளுக்கு மின்விசிறியைப் பார்த்துக் கைகூப்பினோம்.

பழைய தீர்மானத்தை என்ன செய்வது என்பதுதான் பேச்சு. ரத்து செய்தால் மானம் போகும். 'தற்காலிகமாக' என்ற சொல்லை எங்கேயாவது சேர்க்கலாம் என்றார் ஒருவர். எங்கே சேர்த்தாலும் வாக்கியம் சிரித்தது. கடைசியில் ஆத்தூர்க்காரர் ஒருவர்தான் காப்பாற்றினார். "ஒரே காற்றுன்னுதானே எழுதியிருக்கு. பூமி முழுக்க இருக்கறது ஒரே காற்றுதானே?" என்றார். ஒரே அறை என்றும் இருக்கிறதே என்று ஒரு பெண்மணி இழுத்தார். அவருடைய இணைப்பு அந்த நேரம் பார்த்து அறுந்துவிட்டது. தீர்மானம் புதிய விளக்கத்தோடு ஏகமனதாக நிறைவேறியது. "மனம் என்பதே ஒரு திரைதானே" என்று மின்விசிறி முடித்துவைத்தது.

எங்கள் வீடு கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குப் பக்கம். இரண்டே அறை. ஒன்றில் என் கணவர். அவர் பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்துகிறவர், அவருக்கும் அப்போது இணைய வகுப்புதான். படுக்கையறையில் பீரோவை மறைத்து ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்தேன். மேலே பட்டுப்புடவை, கழுத்தில் மெல்லிய மணி. கீழே, திரையில் தெரியாத இடத்தில், பழைய நைட்டி. டிஷ்யூ பெட்டியையும் மறக்காமல் எடுத்து வைத்தேன். யாருக்கு என்று கேட்காதீர்கள்.

முதல் அழைப்பு பண்ணைக்காரருக்கு. காலை பதினோரு மணி. அழைப்பை எடுத்தார். திரையில் ஒரே வெளிர் இருட்டு, துணி நெய்த மாதிரி கட்டம் கட்டமாக. இடையிடையே ஒரு பொத்தானின் ஓட்டை வழியாக வெயில் வந்து வந்து போனது. பின்னால் ஆயிரக்கணக்கான கோழிகள்.

"சொல்லுங்க டாக்டரு."

"உங்க முகம் தெரியலைங்க. போனைக் கொஞ்சம் முகத்துக்கு நேரா வெச்சுக்குங்க."

"கேக்குதுங்க, கேக்குதுங்க. காதுல வயரு மாட்டியிருக்கறன். போனு சட்டைச் சோப்புல இருக்குது. நீங்க பேசுங்க."

அது வீடியோ கால் என்றே அவருக்குத் தெரியவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கோழி வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். மூன்று முறை விளக்கினேன். பக்கத்து அறையில் என் கணவர், "கேக்குதா? யாருக்காவது கேக்குதா?" என்று தன் மாணவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அலுத்துப்போனது. இது சரிப்படாது, ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்து வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"எப்படி இருக்கீங்க?"

கோழிச் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போனது.

"நல்லால்லீங்க" என்றார்.

ஆறு முறை என் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லாததை, ஒரு பையின் இருட்டுக்குள்ளிருந்து சொல்லிவிட்டார். நான் என்னை அறியாமல் தலையைச் சாய்த்தேன், புருவத்தைத் தளர்த்தினேன். பார்க்க ஆளில்லை.

"எம் புள்ளை எங்கூடப் பேசறதில்லீங்க. ஊட்டுலதான் இருக்குது. மேல் மாடியில. லீவு உட்டு வந்து இருவத்தஞ்சு நாளாச்சுங்க. அவங்கம்மாகிட்டப் பேசுது. நாயிகிட்டப் பேசுது. நான் போனா எந்திரிச்சுப் போயிருது."

நடந்துகொண்டே சொன்னார். மகள் ப்ளஸ் ஒன். வீட்டிலிருந்து பன்னிரண்டே கிலோமீட்டரில் இருக்கும் பள்ளி, ஆனால் விடுதியில்தான் இருந்தாக வேண்டும், அப்போதுதான் மார்க் வரும் என்று சேர்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வரிசையில் நின்று வீட்டுக்குப் பேசலாம். ஆளுக்கு ஐந்து நிமிடம். வார்டன் பக்கத்திலேயே நிற்பார். ஒரு ஞாயிறு மகள், "அப்பா, வந்து கூட்டிட்டுப் போயிருங்க" என்றிருக்கிறாள். வேறெதுவும் சொல்லவில்லை. இவர், "இன்னும் ஒரு வருசந்தான் அம்மணி" என்று சொல்லிவிட்டு, ஐந்து நிமிடம் ஆவதற்குள் போனை வைத்துவிட்டார்.

"அந்த வாரந்தானுங்க நெஞ்சு அடிக்க ஆரம்பிச்சது."

"இதை நேர்ல வந்தப்ப ஒரு தடவைகூடச் சொல்லலியே?"

"உங்க ரூம்புல எனக்குப் பேச்சே வராதுங்க. காரைக் கீழ பல்லு டாக்டரு கேட்டுக்கு முன்னால நிறுத்திட்டு வந்திருப்பன். எவனாச்சும் எடுக்கச் சொல்லி ஆரன் அடிப்பானோன்னு காது பூரா அங்கயே இருக்கும். அப்பறம், தப்பா நெனச்சுக்காதீங்க..."

"சொல்லுங்க."

"நீங்க தலையச் சாச்சு வெச்சுப் பாத்துட்டே இருப்பீங்க. எங்க பத்தாங்கிளாசு டீச்சரம்மா, வீட்டுப்பாடம் எங்கடான்னு நிக்கற மாதிரியே இருக்குமுங்க. எனக்கு நாக்கு ஒட்டிக்கும்."

என் தலையை நேராக்கினேன்.

அவர் நடையை நிறுத்தினார் என்பது பொத்தான் ஓட்டையின் வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றதால் தெரிந்தது. மூச்சு உடைந்து உடைந்து வந்தது. ஐம்பது வயது ஆண் ஒருவர் அழும் சத்தத்தை அவ்வளவு பக்கத்தில் நான் கேட்டதில்லை. கைப்பேசி அவருடைய நெஞ்சின்மேல் அல்லவா இருந்தது. என் கை தானாகப் போய் ஒரு டிஷ்யூவை உருவித் திரைக்கு முன் நீட்டியது. நீட்டிய பிறகுதான் என்ன செய்கிறேன் என்று தெரிந்தது. அதைக்கொண்டு நானே மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

இவ்வளவு நடந்த பிறகும் நான் திருந்தவில்லை. போன் வேறு, மனிதர் வேறு என்று எனக்குள் இருந்த தீர்மானக்காரி பேசினாள். "மாடிக்குப் போய், பக்கத்துல உட்கார்ந்து, மகள் கண்ணைப் பார்த்துப் பேசுங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் கேட்டேன்.

"போனனுங்க. கட்டில்ல உக்காந்தன். கண்ணைப் பாத்தன்."

"என்ன கேட்டீங்க?"

"சாப்புட்டயான்னு கேட்டன்."

"அவ?"

"ம்முன்னா. அப்பறம் கீழ வந்து நானும் சாப்புட்டன்."

மறுநாள் அவருடைய மனைவி என் எண்ணையும் தன் கைப்பேசியையும் மகளிடம் கொடுத்திருக்கிறார். எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'மேம், நான் அவங்க பொண்ணு. உங்ககிட்டப் பேசணும். கால் வேண்டாம். டைப் பண்ணலாமா?'

வீடியோ காலே ஆலோசனை இல்லை என்று எழுதியவள் நான். குரல்கூட இல்லாமல் எழுத்தில் ஆலோசனை என்றால்? பேராசிரியரிடம் கேட்கலாமா என்றிருந்தது. பிறகு அந்த மின்விசிறி ஞாபகம் வந்து, கேட்காமல் 'சரி' என்று அனுப்பினேன். ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தேன். 'உன் உணர்வுகளை என்னுடன் பகிர்ந்துகொள்ள முன்வந்ததற்கு' என்று நான் பாதி அடிப்பதற்குள் அவளிடமிருந்து ஏழு செய்திகள் வந்துவிட்டன. எட்டாவதாக, 'மேம் நீங்க ரொம்ப ஸ்லோ. யெஸ் நோ மட்டும் போடுங்க, நான் புரிஞ்சுக்கறேன்' என்று வந்தது. இருபது வருட அனுபவம் 'யெஸ்', 'நோ'வுக்கு வந்து நின்றது.

அவள் எழுதியதன் சாரம் இது. அப்பா எதிரில் வந்தாலே அந்தப் போன் வரிசை ஞாபகம் வந்துவிடுகிறது. பின்னால் இருபது பேர் நிற்க, வார்டன் கடிகாரத்தைப் பார்க்க, அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வரி கேட்டாள். அப்பா வைத்துவிட்டார். இப்போது நேரில் பேசச் சொன்னால், பழையபடி ஒரு வரிதான் வரும் போலிருக்கிறது. அவர் கீழே எழுந்து போய்விடுவார். கடைசியில் எழுதினாள்: 'எனக்கு அப்பாகிட்ட போன்லதான் பேசணும் மேம். அஞ்சு நிமிஷம்னு இல்லாம. யாரும் பின்னாடி நிக்காம.'

'ஒரே வீட்டில் இருக்கிறீர்களே' என்று அடித்தேன். அனுப்பாமல் அழித்தேன். 'யெஸ்' என்று போட்டேன்.

அதற்கடுத்த புதன்கிழமை மூவரும் பேசினோம். குரல் மட்டும். அவர் கோழிக் கொட்டகையில், அவள் மாடியில், நடுவே முந்நூறு அடிகூட இருக்காது. நான் மலையடிவாரத்தில், பக்கத்து அறையில் என் கணவரின் தொகைநுண்கணித வகுப்பு. ஒரு முன்னுரை தயார் செய்திருந்தேன். பாதுகாப்பான வெளி, தீர்ப்பு சொல்லாத செவி என்றெல்லாம் அதில் வரும். முதல் வரியைத் தொடங்கினேன். அவள் குறுக்கே வந்தாள்.

"அப்பா."

"சொல்லு அம்மணி."

"அன்னிக்கு ஏம்ப்பா போனை வெச்சீங்க?"

கோழிகள் கத்தின. ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவர் தீவன அறைக்குள் போயிருக்க வேண்டும்.

"தொண்டை அடச்சுக்கிச்சு கண்ணு. நீ கேட்டுருவயோன்னு வெச்சுட்டன்."

"நீங்க கோபத்துல வெச்சீங்கன்னு நெனச்சேன்."

"கோவமா? உன்மேல எனக்கென்ன சாமி கோவம். வெச்சுட்டுக் காரை எடுத்துட்டு உங்க ஸ்கூலு கேட்டு வரைக்கும் வந்தன்."

"எப்ப?"

"அன்னிக்கேதான். மத்தியானம். கேட்டுக்கு எதுத்தாப்புல அரைமணி நேரம் நின்னுட்டிருந்தன். உள்ள வந்தா உன்னைக் கூட்டிட்டு வந்துருவன்னு..."

அந்த இடத்தில் எங்கள் வீட்டில் மின்சாரம் போனது. அதோடு இணைய இணைப்பும் போனது. கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து மறைந்தது. நான் கட்டிலிலிருந்து குதித்தேன். நைட்டியும் பட்டு முந்தானையுமாக வாசலுக்கு ஓடி, கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றேன். அங்கே என் கணவர் ஏற்கெனவே தன்னுடையதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முக்கியமான இடத்துல போயிருச்சு" என்றேன்.

"எனக்கும்தான். விடை வர்ற நேரம்" என்றார்.

பதினொரு நிமிடம் கழித்து மின்சாரம் வந்தது. ஓடிப்போய் இணைந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவள், உள்ளே நடப்பதைக் கேட்டு நிறுத்திக்கொண்டேன். இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் அழுது முடித்திருந்த குரலில், விடுதிச் சாம்பாரைப் பற்றி ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் போனதும் அவர்களுக்குத் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மகள்தான், "மேம், இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கேன்" என்றேன்.

"நீங்க ஒண்ணுமே பேசலீங்களே டாக்டரு. அதுதானுங்க நல்லா இருந்துச்சு" என்றார் அவர்.

அன்றைய குறிப்பில் நான் எழுதியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "ஆலோசகர் பின்வாங்கி, இருவருக்கும் போதிய வெளியை உருவாக்கித் தந்தார்."

ஊரடங்கு தளர்ந்து, இ-பாஸ் இல்லாமல் மாவட்டம் விட்டு மாவட்டம் வரலாம் என்றானதும், அவர்களை நேரில் வரச் சொன்னேன். இவ்வளவு தூரம் வந்ததை முறையாக, என் அறையில், என் நாற்காலியில் முடித்துவைக்க வேண்டும் என்ற ஆசை. வந்தார்கள். அவருக்கு அதே வெள்ளைச் சட்டை. மூவரும் முகக்கவசத்தோடு, ஆறடி தள்ளித் தள்ளி உட்கார்ந்தோம். சாக்பீஸ் குறியெல்லாம் செல்லாமல் போயிற்று.

"எப்படி இருக்கீங்க?"

"பரவால்லீங்க" என்றார் அவர்.

"நல்லா இருக்கேன் மேம்" என்றாள் மகள்.

பிறகு நாற்பது நிமிடம் கீழே பல்லைக் குடையும் சத்தம் கேட்டோம். இருவரும் விடைபெற்றுப் போன கையோடு மகளிடமிருந்து செய்தி வந்தது, படியில் இறங்கும்போதே அடித்திருப்பாள்: 'மேம், இனிமே போன்லயே வெச்சுக்கலாமா?'

இரண்டு மாதம் போனில் தொடர்ந்தோம். பிறகு நான் தேவைப்படவில்லை. அவருடைய படபடப்பு குறைந்து, ஒரு கட்டத்தில் அதைப் பற்றிச் சொல்வதையே மறந்துவிட்டார். மகளை மறுபடி விடுதிக்கு அனுப்பவில்லை. ப்ளஸ் டூவை வீட்டிலிருந்தே, பள்ளி திறந்திருந்த மாதங்களில் பஸ்ஸில் போய்வந்து முடித்தாள். மார்க் எல்லாரும் வியக்கும்படி வரவில்லை, அழும்படியும் வரவில்லை. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் சேர்ந்தபோது அவளே விடுதியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். குறை என்றால் அவளுடைய அம்மாவுக்குத்தான். ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏனுங்க மேடம், லீவுக்கு வந்தாலும் அது மாடியில உக்காந்துக்குது, இவரு கொட்டாயில உக்காந்துக்கறாரு. ரெண்டு பேரும் போனுல ஒரு மணி நேரம் பேசறாங்க. நடுவுல சோறு போட்டு வெச்சுட்டு நான் ரெண்டு பக்கமும் பாத்துட்டு நிக்கறன். இதுதானுங்களா நீங்க சொல்லிக்குடுத்தது?"

நீங்களும் அந்த அழைப்பில் சேர்ந்துகொள்ளுங்கள் என்றேன். "எனக்கென்ன, நான் நேராவே கத்திக்குவன்" என்று வைத்துவிட்டார்.

போன வருடம் எங்கள் வட்டம் மறுபடி அதே ஹோட்டல் ஹாலில் ஒரு நாள் கருத்தரங்கு நடத்தியது. தலைப்பு, இணையவழி ஆலோசனையின் மேன்மை. தலைவர் இப்போது துபாயிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களுக்கு வீட்டிலிருந்தே ஆலோசனை சொல்கிறார். கேமராவை எங்கே வைப்பது என்று பேரன் கற்றுக்கொடுத்துவிட்டான். "நாம் அன்றைக்கே சொன்னோம், தூரம் என்பது மனத்தில்தான்" என்று தொடங்கினார். பழைய தீர்மானத்தை எழுதிய தாள் யாரிடமும் இல்லை என்றார்கள். என்னிடம் ஒரு பிரதி இருந்தது. நான் அதைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

முன்னோடி என்று என்னைப் பேச அழைத்தார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஆட்களைச் சொல்லாமல், மின்சாரம் போனதையும், பதினொரு நிமிடத்தையும், திரும்பி வந்தபோது நான் இல்லாமலே எல்லாம் நடந்து முடிந்திருந்ததையும், குறிப்பில் நான் எழுதிய பொய்யையும் சொன்னேன். சொல்லி முடித்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன். ஹாலில் சிலர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்கள். சரி, நம்மைப் போலவே எல்லாருக்கும் ஏதோ உறைத்திருக்கிறது என்று நினைத்தேன்.

ஒருவர் எழுந்து, "மேடம், எந்தக் கம்பெனி இன்டர்நெட்?" என்று கேட்டார்.

இன்னொருவர், "பதினொரு நிமிஷம்ங்கறது கணக்குப் பண்ணி வெச்சதுங்களா, பத்து போதாதா?" என்றார்.

தலைவர் மைக்கை வாங்கினார். "அம்மையார் அடக்கத்தால் இதை ஒரு விபத்து என்கிறார். பயிற்சி பெற்ற ஆலோசகர் தகுந்த தருணத்தில் தன்னை விலக்கிக்கொள்வது பெரிய உத்தி. இதற்கு 'திட்டமிட்ட விலகல்' என்று பெயர் வைக்கலாம்" என்றார். கைதட்டினார்கள். நான் முன்பு எழுதிய தீர்மானத்துக்குக் கிடைத்ததைவிடப் பலமான கைதட்டல். ஒரு மாதத்துக்குள் அதற்கு ஒரு பயிற்சி வகுப்பும், வகுப்புக்கு ஒரு சான்றிதழும் வந்துவிட்டன. சான்றிதழை எனக்கும் ஒன்று அனுப்பினார்கள். வகுப்பு இணையத்தில்தான். நடுவில் பயிற்சியாளர் பதினொரு நிமிடம் காணாமல் போவாராம்.

அதற்குப் பிறகு வட்டத்துக்கு நான் அவ்வளவாகப் போவதில்லை. வாரத்தில் மூன்று நாள் போனில் பேசுகிறேன், மூன்று நாள் அறைக்குப் போகிறேன். எது நல்லது என்று யாராவது கேட்டால், வருகிறவரைக் கேளுங்கள் என்று சொல்லும் அளவுக்கு வந்திருக்கிறேன். அதுவும் எனக்கே முழுதாகப் பிடிபட்டுவிட்டது என்று சொல்ல முடியாது.

போன மாதம் ராசிபுரத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். நெசவுக் குடும்பம், வீட்டோடு தறிக்கூடம், ஒன்பது பேர் இருக்கும் வீடு. குரலை அடக்கி அடக்கிப் பேசினாள். பின்னால் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து சிரமப்பட வேண்டாமே என்று, "போன்லயே பேசலாம்மா, ஒண்ணும் குறையில்ல. இப்பல்லாம் நெறையப் பேர் அப்படித்தான் பேசறாங்க" என்றேன். என் குரலில் ஒரு முன்னோடியின் மிதப்பு இருந்திருக்கும்.

"இல்லீங்க மேடம். நேர்லயே வாரேனுங்க" என்றாள்.

நேரில் பார்த்தால்தான் நம்பிக்கை வரும் போலிருக்கிறது என்று உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தேன். "ஏம்மா, என்னைப் பார்த்துப் பேசணும்னு தோணுதா?" என்று கேட்டேன்.

தறிச் சத்தத்துக்கு மேல் அவளுக்கு என் கேள்வி சரியாகக் கேட்கவில்லை போல. அவளுடைய கேள்வியை அவள் கேட்டாள்.

"உங்க ரூம்புக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குதுங்களா?"

இருக்கிறது என்றேன். வியாழக்கிழமை வருவதாகச் சொன்னாள். வந்தாள். முதலில் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். அவள் நாற்காலியை நகர்த்தியதை நான் தடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அரைமணி நேரம் அப்படியே இருந்தாள். பிறகு பேசத் தொடங்கினாள்.